சாக்கெட்.ஐஓ: பச்சை எரிகிறது, விலை பழசு

மணலியில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "கன்டெய்னர் யார்டுக்கு லைவ் ஸ்கிரீன் ஒன்னு செய்யணும். சாக்கெட்.ஐஓ போடலாமா, வெறும் வெப்சாக்கெட்டே போதுமா?" வெப்சாக்கெட் என்பது பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இருவழித் தொடர்பு. சாக்கெட்.ஐஓ அதன் மேல் கட்டிய லைப்ரரி, அதாவது ஆயத்தக் குறியீட்டுத் தொகுப்பு. போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பக்கம் ஓடுவது இதுதான். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். எங்கள் வியாபாரியின் ஆள் அங்கே நின்று, எந்த மீன் என்ன விலைக்கு முடிந்தது என்று போனில் தட்டுவார். வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டைக் கடைக்காரர்கள் அதைத் தங்கள் போன் பிரவுசரில் பார்த்து, சங்கரா இரண்டு கூடை, நெத்திலி ஒரு கூடை என்று அங்கிருந்தே சொல்வார்கள். நடுவில் நோட்.ஜேஎஸ் சர்வரும் சாக்கெட்.ஐஓவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பெரிய மாற்றம் எதுவானாலும் அப்போதுதான் கை வைப்பேன். 2-ஆம் பதிப்பிலிருந்து 4-க்குத் தாவியதும் அப்படித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. அறுந்த தொடர்பை மீண்டும் பிடிப்பதில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நொடியில் முதல் முயற்சி, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஐந்து நொடியில் நிறுத்திக்கொள்ளும். அதிலும் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்துவிடும். சர்வரை மறுபடி கிளப்பும்போது எல்லாக் கடைக்காரர்களின் போனும் ஒரே நொடியில் வந்து மோதாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். 2010-இல் இது வந்தபோது வெப்சாக்கெட்டே இன்னும் முடிவாகியிருக்கவில்லை, அதன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2011 டிசம்பரில்தான் வெளியானது. அதனால் முதலில் சாதாரண எச்டிடிபி லாங் போலிங்கில் (பிரவுசர் கேட்க, புதுச் செய்தி வரும்வரை சர்வர் பதிலை நிறுத்திவைக்கும் முறை) நுழைந்து, வழி கிடைத்தால் வெப்சாக்கெட்டுக்கு ஏறுகிற வழக்கம் இன்றுவரை இருக்கிறது. இப்போது எதற்கு அது என்று கேட்பவர்கள், வெப்சாக்கெட்டை மறிக்கும் வைஃபை உள்ள கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். எங்களுக்கு அது உயிர். பார்ப்பவர்களைக் குழுவாகப் பிரிக்கும் ரூம் வசதியும் அருமை: வஞ்சிரம் மட்டும் வேண்டும் என்பவருக்கு வஞ்சிரம் விலை மட்டும் போகும், ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. 3-ஆம் பதிப்பில், தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிங்கைக் கிளையன்ட் (பிரவுசர் பக்கம்) அனுப்பாமல் சர்வரே அனுப்பும்படி திருப்பிப் போட்டார்கள். பின்னால் கிடக்கும் டேபில் பிரவுசர் டைமரை மெதுவாக்கிவிடுவதால் வந்த வீண் துண்டிப்புகள் அதோடு குறைந்தன.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தொடர்பு திரும்பி வந்ததைச் சொல்லும், இடையில் என்ன போனது என்று சொல்லாது. போனைப் பூட்டிப் பையில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், பக்கம் விழிக்கும், தொடர்பு வந்துவிட்டது என்று சொல்லும் கனெக்ட் நிகழ்வு வரும், நான் வைத்திருக்கும் பச்சைப் புள்ளி எரியும். அந்தப் பத்து நிமிடத்தில் சர்வர் அனுப்பிய விலைகள் போனது போனதுதான். ஒவ்வொரு கிளையன்டுக்கும் சர்வர் எதையும் எடுத்து வைப்பதில்லை. அதிகபட்சம் ஒரு தடவை சேரும், சேராமலும் போகலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒளிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஏலம் முடிந்து அடுத்த விலை வரும்வரை அந்தக் கடைக்காரர் பார்ப்பது பழைய எண். வியாசர்பாடி அக்கா ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார்: "இன்னா தம்பி, பச்சை எரியுது, ரேட்டு பழசா கீது? நான் அத்த நம்பித்தானே ஓட்டல்காரனுக்கு வாக்கு குட்த்துட்டேன்!" அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

எதிர்ப்பக்கம் இதற்கு நேர்மாறு. துறைமுகத்தில் நிற்பவர் போனில் டேட்டா போய்விட்டது என்று லைப்ரரிக்குத் தெரிந்தால், அவர் தட்டுவதையெல்லாம் பஃபரில், அதாவது தற்காலிகக் கிடங்கில், சேர்த்துவைத்து, தொடர்பு வந்ததும் மொத்தமாகக் கொட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் போனில், ஐஸ் தண்ணீர் சொட்டும் விரலால், வஞ்சிரம் 900, 850, 820 என்று தட்டியிருப்பார். மூன்றும் ஒரே நொடியில் வந்து விழும். கடைக்காரர் திரையில் எண்கள் பறந்து நிற்கும். அனுப்பும்போது வோலடைல் என்ற குறி போட்டால் சேர்த்துவைக்காது, ஆனால் அப்போது கடைசி விலையும் போய்விடும். நான் சொன்னதை இவ்வளவு கவனமாக வைத்திருக்கத் தெரிந்ததற்கு, எனக்கு வரவேண்டியதை வைத்திருக்க ஏன் தெரியவில்லை என்பதுதான் என் தீராத கோபம்.

"தெரிந்தால்" என்றேன். தெரியாத நேரமும் உண்டு. ஏர்பிளேன் மோடு போட்டால் உடனே தெரிந்துவிடும். சிக்னல் கோடு நின்றபடியே டேட்டா மட்டும் நகராமல் போனால், அடுத்த பிங் வராததை வைத்துத்தான் அது கண்டுபிடிக்க வேண்டும். இயல்பான அமைப்பில் பிங் இடைவெளி 25 நொடி, காத்திருப்பு 20 நொடி. ஆக 45 நொடி வரை பொய்ப் பச்சை எரியலாம். ஏலத்தில் 45 நொடியில் ஒரு கூடை விலைபேசி முடிந்து வண்டியேறிவிடும். அந்த நேரத்தில் அனுப்பியவை பஃபரிலும் இருக்காது. காலக்கெடு (டைம்அவுட்) வைத்து, சேர்ந்ததற்குப் பதில் கேட்டு அனுப்பும் எமிட்வித்ஆக் போட்டு, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவதுதான் வழி. பிங் நேரத்தைக் குறைத்தும் பார்த்தேன். மெதுவான நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு வீணாக அறுபடுகிறது.

2023-இல் 4.6 பதிப்பில் "கனெக்ஷன் ஸ்டேட் ரெக்கவரி" வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். விட்டுப்போன நிகழ்வுகளைத் திரும்பத் தருவதற்கென்றே செய்தது. ஆனால் நாமே இயக்கிவிட்டால்தான் வேலை செய்யும், நேரத்தை மாற்றாவிட்டால் இரண்டு நிமிடம்தான், பல சர்வர்களுக்கிடையே செய்தியைக் கடத்தும் ரெடிஸ் பப்-சப் அடாப்டரோடு சேராது. எங்களிடம் இருப்பது அந்த அடாப்டர்தான்.

கடைசியில் நானே செய்தேன். ஒவ்வொரு விலைக்கும் தரவுத்தளத்தில் ஒரு வரிசை எண். கிளையன்ட் தொடர்புகொள்ளும்போது தன்னிடம் உள்ள கடைசி எண்ணை, தொடர்புக் கோரிக்கையோடு சேர்ந்து போகும் ஆத் பகுதியில் அனுப்பும், சர்வர் மிச்சத்தை எடுத்துத் தரும். மிச்சம் வந்து சேர்ந்த பிறகுதான் பச்சை எரியும், அதுவரை மஞ்சள். அக்காவிடமிருந்து அப்புறம் அந்தப் புகார் வரவில்லை.

அதனால்தான் நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். மேலே பாராட்டியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறவில்லை. எங்கள் சர்வரிலும் இப்போதைக்கு அதுதான் ஓடும். ஆனால் யார்டு ஸ்கிரீன் பார்ப்பதற்கு மட்டும்தானே? எந்த டிரெய்லர் எந்த கேட்டுக்கு என்று காட்டினால் போதும், ஒரு வழிப் பாதை. அதற்கு, சர்வர் அனுப்புவதை வாங்க மட்டும் செய்யும் ஈவென்ட்சோர்ஸ் பிரவுசரிலேயே இருக்கிறது. சர்வர் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஐடி கொடுத்தால், அறுந்து திரும்பும்போது "லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி" என்ற ஹெடரில் அதைத் தானே சொல்லும். மிச்சத்தை எடுத்துத் தரும் குறியீட்டை நீங்கள் எழுத வேண்டும்தான், எங்கும் அது எழுதியே ஆகவேண்டிய ஒன்று. பொய்ப் பச்சை அங்கேயும் உண்டு. சில நொடிக்கு ஒருமுறை சர்வரிலிருந்து ஒரு சின்ன நிகழ்வு அனுப்புங்கள், அது வராவிட்டால் திரையில் சிவப்பு காட்டுங்கள். எச்டிடிபி 1.1-இல் ஒரே தளத்துக்கு ஒரு பிரவுசர் ஆறு தொடர்புதான் திறக்கும். யார்டு ஆபீஸில் டேப் டேபாகத் திறந்து வைப்பார்கள், ஏழாவது டேப் அப்படியே நிற்கும். அதனால் ஒரே தொடர்பில் பல ஓட்டங்களைக் கொண்டுபோகும் எச்டிடிபி 2-ஐ முதல் நாளே வைத்துவிடுங்கள்.