அழிய மறுத்த கோப்பும் ஃபைல் லாக்ஸ்மித்தும்

அலுவலகக் கணினியில் பழைய அறிக்கைக் கோப்புறைகளை இரவுதோறும் அழிப்பதற்கு விண்டோஸில் கோப்புகளை நகலெடுக்க உதவும் ரோபோகாப்பியைக் கொண்டு நான் கட்டளை ஒன்றை எழுதி வைத்திருந்தேன். வெற்றுக் கோப்புறை ஒன்றைப் பழையதன் மீது ‘மிர்ரர்’ செய்து, அதாவது பழையதையும் வெற்றுக் கோப்புறை போலவே ஆக்கி, உள்ளிருப்பவற்றை நீக்கும் முறை அது. கோப்புகளின் பாதை மிக நீளமாக இருந்தாலும் தடுமாறாது. ஒரு நாள் காலை வந்து பார்த்தபோது, அந்தக் கட்டளை இன்னும் முடியாமல் நின்றிருந்தது. நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் 32 என்னும் பிழை எண்ணும், 30 வினாடி காத்திருப்பதாகச் சொல்லும் வரியும் மாறி மாறிப் பதிவாகியிருந்தன. வேறொரு புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்பதே 32-இன் பொருள்.

கட்டளை பழுதாகவில்லை. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ரோபோகாப்பி 10 லட்சம் முறை, முறைக்கு 30 வினாடி இடைவெளியில் மறுமுயற்சி செய்யும். கணக்கிட்டால் ஒரே கோப்புக்கு ஏறத்தாழ 347 நாள். மறுமுயற்சியை 2 ஆகவும் இடைவெளியை 5 வினாடியாகவும் குறைத்தபின் கட்டளை உரிய நேரத்தில் முடிந்தது. ஆனால் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அதைப் பிடித்திருப்பது எது என்று அறியவே, மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவித் தொகுப்பில் 2022-இல் சேர்க்கப்பட்ட ஃபைல் லாக்ஸ்மித்தை நாடினேன். இலவசமான இக்கருவியை நிறுவியபின், கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து அதன் பெயர் கொண்ட வரியைத் தேர்ந்தால், உட்கோப்புறைகள் வரை தேடி, அங்குள்ள கோப்புகளைப் பயன்படுத்தும் புராசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை, அவற்றின் அடையாள எண்ணுடன் பட்டியலிடுகிறது. முதலில் எனக்குப் பட்டியல் வெறுமையாகவே வந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராக மறுபடி திறக்கும் பொத்தானை அழுத்திய பிறகுதான், பிற பயனர் கணக்குகளில் ஓடுபவையும் தெரிந்தன; புதிதாகப் பயன்படுத்துவோர் இந்தப் பொத்தானை மறக்கலாகாது. அறிக்கை தயாரிக்கும் பின்னணிப் புரோகிராம் ஒன்று, வேலை முடிந்தும் தன் லாக் கோப்பை மூடாமல் வைத்திருந்தது.

அங்கேயே ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து அந்தப் புரோகிராமை நிறுத்த முடியும். ஆயினும் அப்படி நிறுத்தினால் சேமிக்காத வேலை போய்விடும் என்பதால், நான் அதை முறைப்படி மூடிவிட்டுக் கட்டளையை மீண்டும் இயக்கினேன். கோப்புறை சில வினாடிகளில் காலியானது. மைக்ரோசாஃப்டின் மற்றொரு கருவித் தொகுப்பான சிஸின்டர்னல்ஸில் உள்ள ஹேண்டில் கருவி, கோப்பைத் திறந்திருக்கும் புரோகிராமை நிறுத்தாமலே அந்தப் பிடியை மட்டும் துண்டிக்க வல்லது. ஆனால் அது புரோகிராமையோ கணினியையோ நிலைகுலையச் செய்யலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கட்டளைகளைத் தானாக இயக்கும் ஸ்கிரிப்டுக்குள் ஹேண்டிலை நான் பட்டியல் எடுக்க மட்டுமே பயன்படுத்துகிறேன்.

குறை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகிரப்பட்ட கோப்புறையில் உள்ள கோப்பை வேறு கணினியில் ஒருவர் திறந்திருந்தால், இங்கே அதைப் பிடித்திருப்பது விண்டோஸின் சிஸ்டம் புராசஸ்தான். திறந்தவர் யார் என்பதை ஃபைல் லாக்ஸ்மித் காட்டாது. அதற்குக் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் பகிர்ந்த கோப்புறைகளின் கீழுள்ள ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பட்டியலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தனிக் கணினியில் வேலை செய்வோருக்கு இந்தக் குறை பொருட்டன்று. அவர்களுக்கு இக்கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.