செட்டிநாட்டு வீட்டுக்குள் பேட்டரியைக் காப்பது எது: 5ஜியா, 4ஜியா, வைஃபையா?

காரைக்குடி செக்காலை ரோட்டில் நிற்கும்போது நான்கு கோடு காட்டும் போன், வீட்டுக்குள் வந்து நடு முற்றமான வளவைத் தாண்டி அடுத்த பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போனதும் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் பழைய வீடுகளில் இதே நிலைதான். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர்கள், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு கட்டுகள். வெயிலை உள்ளே விடாத அதே சுவர் அலையையும் விடுவதில்லை. காலையில் முழுதாக இருந்த சார்ஜ் மதியச் சாப்பாட்டுக்குள் பாதியானால் பலரும் ப்ளூடூத்தை அணைக்கிறார்கள், திரை வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். இந்த வீடுகளில் பேட்டரியை அதிகம் தின்பது ப்ளூடூத் அல்ல. டவர் பிடி நழுவாமல் இருக்கப் போன் படும் பாடு.

ஒரு சின்னக் கணக்கு. 5000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-அவர். ஆக, எந்தப் பகுதியாவது தொடர்ந்து 1 வாட் இழுத்தால் மணிக்கு 5 சதவீதம் போய்விடும். 4ஜி போன் டவருக்கு அனுப்பும் சக்தியின் உச்சவரம்பு 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அதே வேலையை 1 மில்லிவாட்டிலேயே முடித்துவிடும். பின்கட்டில் 200 வரை ஏற்றியாக வேண்டும். அந்த 200 வெளியே போக, உள்ளே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் செலவாகி மிச்சம் சூடாகிறது. வாட்ஸ்அப்போ மெயிலோ ஒரு துளி தகவல் கேட்டாலும் ரேடியோ விழித்துக்கொள்ளும்; வேலை முடிந்த பிறகும் 10 விநாடி அளவுக்கு விழித்தே இருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எழுப்பினால், போனைத் தொடாமல் மேசையில் வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் வீட்டை அளந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற எண் கிடைக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். எண் மைனஸில் இருக்கும். 4ஜியில் -85 என்றால் நன்று. -100 சமாளிக்கலாம். -110ஐத் தாண்டினால் பேட்டரிக்குக் கேடு. -120 பக்கம் போனால் டவர் விட்டுவிட்டு வரும், போன் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடிக்கொண்டே இருக்கும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு, மாடி என்று ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வளவு திறந்த முற்றம் என்பதால் சுற்றியுள்ள அறைகளைவிட அங்கே எண் நன்றாக இருப்பது வழக்கம். மழைக்குப் பயந்து வளவின் மேல் தகர ஷீட் போட்ட வீடுகளில் அந்த வசதியும் போய்விடுகிறது. மேலே மூடத்தான் வேண்டும் என்றால் உலோகம் அல்லாத ஷீட்டாகப் பாருங்கள்.

5ஜியா, 4ஜியா?

வீட்டுக்குள் 4ஜி. இதில் தயங்க வேண்டியதில்லை.

அலைவரிசை உயர உயர சுவரைத் துளைக்கும் திறன் குறையும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கனத்த சுவரையும் ஓரளவு கடந்து வரும். 2300 திணறும். 5ஜியின் வேகத்துக்குக் காரணமான 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டை முகப்போடு நின்றுவிடும். ஜியோ தன் 5ஜியைத் தனித்து நிற்கும் அமைப்பாகவே தொடங்கி 700 மெகாஹெர்ட்ஸையும் கையில் வைத்திருக்கிறது. ஏர்டெல் தொடங்கியது 4ஜியை அடித்தளமாகக் கொண்ட அமைப்பு. அதில் டேட்டா ஓடும்போது போன் 4ஜி, 5ஜி இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருக்க வேண்டும். எந்த சிம்மாக இருந்தாலும், 5ஜி வந்து வந்து போகும் இடம்தான் மிக மோசம். ஒவ்வொரு தாவலும் ஒரு செலவு.

5ஜிக்கு ஒரு நியாயம் உண்டு. மொட்டை மாடியிலோ தெருவிலோ சிக்னல் பலமாக இருந்து, பெரிய கோப்பு ஒன்றை இறக்க வேண்டும் என்றால் 5ஜி சட்டென்று முடித்துவிட்டு ரேடியோவை உறங்க விடும். அதே கோப்புக்கு 4ஜி நெடுநேரம் விழித்திருக்கும். நாள் முழுக்க உள்ளறையில் கிடக்கும் போனுக்கு இது பொருந்தாது.

மாற்றுவது எளிது. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் செட்டிங்ஸில் சிம்மைத் தொட்டு, ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப் என்பதில் 4ஜி அல்லது அதன் இன்னொரு பெயரான எல்டிஇ. ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் வாய்ஸ் அண்ட் டேட்டா. *#*#4636#*#* என்ற மறைவுத் திரையில் போய் 'எல்டிஇ ஒன்லி' என்று பூட்டுவதைத் தவிர்க்கலாம்: 4ஜி வழியே பேச உதவும் வோல்டிஇ சரியாக இயங்காத போனில் அப்படிப் பூட்டினால் நெட் வரும், அழைப்பு வராது. யாரும் கூப்பிடவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

மொபைல் டேட்டாவா, வைஃபையா?

பழைய வீட்டில் உண்மையான மிச்சம் இங்கேதான். அதே அறைக்குள் இருக்கும் ரவுட்டரோடு பேசுவதற்கும் ஊருக்கு வெளியே நிற்கும் டவரோடு பேசுவதற்கும் ஆகும் சக்தியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் வைஃபை போட்டுவிட்டோம், முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. வைஃபை ஓடும்போதும் சிம் தன் டவரைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். -118இல் தொங்கும் சிம் வைஃபையால் மிச்சமானதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அதற்கு வழி, அழைப்பை டவருக்குப் பதில் வைஃபை வழியே கொண்டுபோகும் வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. சிம் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை இயக்கி, அதற்குள் கால் ப்ரிஃபரன்ஸ் என்று இருந்தால் வைஃபை ப்ரிஃபர்டு என்று மாற்றுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் டவர் துளியாவது இருக்கும்வரை போன் டவரையே பிடித்துத் தொங்கும்.

இன்னும் மிச்சம் பிடிக்க, ஏரோப்ளேன் மோடை இயக்கி, வைஃபையை மட்டும் திரும்ப இயக்கலாம். செல்லுலர் ரேடியோ முழுதாக அணைந்துவிடும், அழைப்பு வைஃபை வழியே வரும். பேட்டரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மூன்று இடங்களில் கவனம் வேண்டும். வங்கி ஓடிபி சில போன்களில் இந்த நிலையில் வந்து சேராது. அவசரம் வரும் முன்பே ஒருமுறை சோதித்துவிடுங்கள். பேசிக்கொண்டே திண்ணையைத் தாண்டித் தெருவுக்குப் போனால் அழைப்பு அறுந்துவிடும், டவருக்கு மாற வழியில்லை. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், நீங்கள் ஊரில் இல்லாத மாதிரிதான்.

கடைசியாகச் சொன்னது நம் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் 22 வாட்-அவர் அளவு பேட்டரி இருந்தால், 7 வாட் இழுக்கும் ரவுட்டரை இரண்டரை மணி நேரம் போலத் தாங்கும். ஃபைபர் பெட்டி தனியாகவும் ரவுட்டர் தனியாகவும் இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் தர வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தந்தால் பயனில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போன கரண்ட் பிற்பகலில்தான் வரும். அதை மினி யுபிஎஸ் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டரை மாட்டிவிடுவதுதான் சரி. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஏரோப்ளேன் மோடு முறையே வேண்டாம். 4ஜியும் வைஃபை காலிங்கும் சேர்ந்தே இருக்கட்டும். அப்பத்தாவுக்குப் போன் கிடைக்கவில்லை என்று கோலாலம்பூரில் இருக்கும் பேரன் பதறுவதைவிடப் பத்து சதவீதச் சார்ஜ் பெரிதல்ல.

ரிப்பீட்டரா, கேபிளா?

முகப்பில் இருக்கும் ஒரு ரவுட்டர் பின்கட்டு வரை எட்டாது. வைஃபை பலவீனமானாலும் பேட்டரி போகும்: வேகம் இறங்கும், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும், ரேடியோ அதிக நேரம் விழித்திருக்கும். எனவே வைஃபை தரும் இரண்டாவது புள்ளி ஒன்று தேவை.

ரிப்பீட்டர் விலை மலிவு, பிளக்கில் சொருகினால் போதும். ஆனால் பலரும் அதை சிக்னல் செத்துப்போன அறையில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். வாங்குவதற்கே ஒன்றுமில்லாத இடத்தில் அது எதைத் திருப்பித் தரும்? ரவுட்டரின் சிக்னல் -65க்குக் குறையாத இடத்தில், அதாவது பாதி வழியில், வளவை ஒட்டி வைக்க வேண்டும். வைத்தாலும், ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும்.

முடிந்தவரை கேபிளையே சொல்வோம். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் ஓடும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டுக்கும் பெரும்பாலும் அது போதும். பின்கட்டு முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி. பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையே ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றலாம். அந்த மோடு இல்லையென்றால், போன்களுக்கு நெட்வொர்க் முகவரி தரும் டிஎச்சிபியை அதில் அணைத்துவிட்டு, கேபிளை லேன் துளையில் சொருகுங்கள், வேன் துளையில் அல்ல. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 11. ஐபோன் தன் சிக்னல் -70க்குக் கீழே போன பிறகுதான் அடுத்த புள்ளியைத் தேடத் தொடங்கும். எனவே இரண்டையும் முழு சக்தியில் அலறவிட வேண்டாம். கொஞ்சம் குறைத்தால்தான் போன் சரியான புள்ளிக்குத் தாவும்.

கேபிளுக்காகச் சுவரைக் கொத்தாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சை இன்று அதே பளபளப்பில் ஒட்டுப்போட்டுத் தர ஆள் தேடி அலைய வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தாலும் அப்படித்தான்: புதுக் கல் அதே ஊரில் கிடைக்கும், கால்பட்டு ஏறிய பழைய நிறம் கிடைக்காது. மரச் சட்டத்தின் மேல் விளிம்பிலோ, ஏற்கெனவே ஓடும் கரண்ட் பட்டிக்குச் சற்றுத் தள்ளியோ, மர நிறத்தில் பட்டி வைத்துக் கொண்டுபோகலாம். கதவுநிலைக்கு மேலே காற்றோட்டத் திறப்பு இருந்தால் அதுவே வழி, துளையே வேண்டாம்.

அறைக்குள் 2.4ஆ, 5 கிகாஹெர்ட்ஸா என்றால், புள்ளி இருக்கும் அதே அறையில் 5, ஒரு சுவர் தள்ளி 2.4. இரண்டு சுவர் என்றால் இன்னொரு புள்ளி.

செல்போன் சிக்னல் பூஸ்டர் என்று ஆன்லைனில் விற்பதை வாங்கி மாட்ட வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம். தவறாக மாட்டிய ஒரு பூஸ்டர் தெருவில் எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கும்.

ஹாட்ஸ்பாட்டா, யுஎஸ்பியா?

லேப்டாப்புக்கு நெட் தர வைஃபை ஹாட்ஸ்பாட் போட்டால் போன் ஒரு பக்கம் டவரோடும் மறுபக்கம் லேப்டாப்போடும் ஓயாமல் பேச வேண்டும். பேட்டரியும் வேகமாக இறங்கும், சூடும் ஏறும். யுஎஸ்பி டெதரிங்கில் அந்த இரண்டாவது ரேடியோ இல்லை, கேபிள் வழியே சார்ஜும் ஏறும். ப்ளூடூத் டெதரிங் மெயிலுக்கு மட்டும்தான் தாங்கும். இன்னொரு யோசனையும் உண்டு: யுஎஸ்பியை விட்டுவிட்டு, போனை ஜன்னல் திட்டில் -90 இருக்கும் இடத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, நீங்கள் லேப்டாப்போடு உள்ளே உட்காருங்கள். -115இல் யுஎஸ்பி போடுவதைவிட இது மேல்.

இரண்டாவது சிம்

விசேஷத்துக்கு ஊருக்கு வரும் சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. அந்த நாட்டு சிம் ரோமிங்கில் தொங்கிக்கொண்டிருந்தால், அதுவும் தனியாக டவர் தேடும். ஓடிபிக்கு அது வேண்டும் என்றால் ரோமிங் டேட்டாவையாவது அணையுங்கள். தேவையில்லாத நேரத்தில் சிம் மேனேஜரில் அந்த சிம்மையே அணைத்துவிடுங்கள். கழற்ற வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்களின் இரண்டாவது சிம்மும் அப்படித்தான்: வீட்டுக்குள் எந்த சிம்மின் சிக்னல் எண் மோசமோ அதை அணையுங்கள், மலிவானது எது என்று பார்க்காதீர்கள்.

ப்ளூடூத், ஜிபிஎஸ், என்எஃப்சி பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ப்ளூடூத் இயர்போனுக்கு அனுப்பும் சக்தி சில மில்லிவாட்தான். லொகேஷன் செட்டிங்ஸுக்குள் வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு சுவிட்ச் இருக்கும், அவற்றை அணைக்கலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'மொபைல் டேட்டா ஆல்வேஸ் ஆக்டிவ்' என்பதை அணைத்தால் வைஃபையில் இருக்கும்போது மொபைல் டேட்டா வீணாகத் திறந்திருக்காது. ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் வைஃபை பொத்தானைத் தொட்டால் அது அணைவதில்லை, மறுநாள் காலை 5 மணிவரை தொடர்பை மட்டும் துண்டிக்கும். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குப் போக வேண்டும்.

சூட்டை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சித்திரை வெயிலில், பலவீனமான சிக்னலில் வீடியோ கால் பேசிக்கொண்டே சார்ஜ் போட்டால் மூன்று சூடும் ஒரே நேரத்தில் பேட்டரியில் இறங்கும். லித்தியம்-அயன் பேட்டரி நிரந்தரமாகக் கொள்ளளவை இழப்பது இப்படித்தான். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. 1948இல் அடிக்கல் நாட்டிய காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வு செய்யும் பொருள்களில் இந்த லித்தியம் பேட்டரியும் ஒன்று. ஊரிலேயே இதற்கென்று ஓர் ஆய்வகம் இருக்க, தலையணைக்கு அடியில் போனைச் சார்ஜ் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க, இரவு 10 மணிக்குப் போனை வழக்கமாகத் தூங்கும் அறையில் சார்ஜ் போடாமல் வைத்துவிட்டு, காலை 6 மணிக்குச் சதவீதத்தைப் பாருங்கள். ஓர் இரவு மொபைல் டேட்டாவில், மறு இரவு வைஃபை, வைஃபை காலிங்கோடு, மூன்றாம் இரவு ஏரோப்ளேன் மோடும் வைஃபையுமாக. மூன்றாம் இரவில் 5 சதவீதத்துக்குள் இறங்கி, முதல் இரவில் 15 போயிருந்தால் குற்றவாளி டவர். மூன்று இரவும் ஒரே மாதிரி 15 போனால் சிக்னலை விட்டுவிட்டு, பேட்டரி யூசேஜ் பட்டியலில் எந்த ஆப் இரவெல்லாம் விழித்திருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.