சலக்கடுப்புக்குப் போய் 61,000 ரூபாவை விட்டுவந்த கதை

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். ஊர் சிரிக்கும், வேண்டாம் என்றாள் மனுசி. போன கிழமை எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிற ஒரு தம்பி, என்னைவிடப் பத்து வயது இளையவர், மெதுவாகக் கிட்ட வந்து, "அண்ணை, சலம் போகேக்க சரியா எரியுது. அந்தச் சென்ரருக்குப் போகட்டோ?" என்று கேட்டார். அவர் சொன்னது, ஆண்களுக்கு வைத்தியம் என்று போர்ட் தொங்கவிட்டு என்னைக் கவிழ்த்த அதே தனியார் சென்ரர். சரி, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இடத்தின் பெயரை எழுதவில்லை. கேட்டு இன்பொக்சுக்கு வர வேண்டாம். பெயர் தெரிந்து என்ன பயன், இந்த மாதிரிப் போர்ட் வன்னியில் இன்னும் எத்தனை தொங்குகிறதோ.

எனக்கு 54 வயது. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறேன். சிறுபோக வெட்டு நேரம் மெஷினுக்குப் பின்னால் விடியலில் இருந்து பொழுதுபடும்வரை நின்றேன். தண்ணீர் குடித்தது குறைவு, சலத்தை அடக்கினது கூட. நாலாம் நாள் எரிவு தொடங்கியது. போனால் சொட்டுச் சொட்டாக, கண்ணாடித் தூளைக் கரைத்துவிட்ட மாதிரி. பத்து நிமிடத்தில் திரும்பவும் போக வேண்டும் போல இருக்கும். சலம் கலங்கல், நாற்றம் வேறு.

முதல் பிழை நான் விட்டது. கூட்டாளி ஒருவர் பார்மசியில் துண்டு இல்லாமலே ஆறு சிப்ரோ குளிசை, கிருமியைக் கொல்லுகிற அன்ரிபயோட்டிக், வாங்கித் தந்தார். அதெல்லாம் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விற்க வேண்டிய குளிசை. நாலு போட்டேன், எரிவு நின்றது, மிச்சம் இரண்டையும் அலுமாரியில் வைத்துவிட்டேன். பத்தாம் நாள் எரிவு திரும்பி வந்தது. இந்தமுறை விதைப்பைக்கும் பின்வாசலுக்கும் நடுவில் ஒரு உளைச்சல், மோட்டார் சைக்கிள் சீற்றில் இருக்க முடியாது. பின்னேரம் ஆனால் காய்ச்சல் குணம்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஓ.பி.டி.யில் துண்டு எழுதுகிற பிள்ளை எங்கள் ஒழுங்கைக்காரி. அவளுக்கு முன்னால் நின்று எங்கே நோகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். சென்ரர்காரன் போர்ட்டில் "ஆண்களுக்கான இரகசிய ஆலோசனை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். மரியாதைக்குக் குறைவில்லை, "ஐயா இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டார். ஒரு போத்தல் தந்து சலம் எடுத்துவரச் சொன்னார். அந்தப் போத்தலை இப்போதும் மறக்க முடியவில்லை. வெளிப்பக்கம் ஒட்டியிருந்த பழைய துண்டைப் பாதி கிழித்திருந்தார்கள், மிச்சப் பாதியில் வேறு யாருடையதோ பெயரின் கடைசி இரண்டு எழுத்து. கழுவிய ஈரமும் உள்ளே நின்றது. நான் கொடுத்ததை யன்னல் கட்டில் தேத்தண்ணிப் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தார். அரை மணித்தியாலம் கழித்து, சலம் சோதிக்கிற ஒரு பட்டியைத் தோய்த்து எடுத்து, நிறத்தைப் பார்த்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"கிட்னி பழுதாகத் தொடங்கீட்டுது ஐயா."

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வசனம் போதும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத அந்தச் சிறுநீரக வருத்தம் வந்து டயலிசிஸுக்கு அலைகிற சனத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்கு அடிவயிறு சில்லிட்டது. அந்த வருத்தம் பெரும்பாலும் எரிவும் காய்ச்சலும் காட்டிக்கொண்டு வராது, சத்தமில்லாமல் வளரும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால்தான் பிடிபடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் சொன்னதுதான் வேதம். கிருமி எது என்று பார்க்கிற கல்ச்சர் பற்றி மகள் சொல்லி அனுப்பியிருந்தாள், கேட்டேன். "அது மூண்டு நாள் மினக்கேடு ஐயா, அதுக்குள்ள சுகமாக்கிப் போடுவம்" என்றார்.

முதல் நாள் பார்வைக்கும் பட்டிக்கும் 2,500. குளிசை 1,800. "கிட்னி வோஷ்" என்று ஒரு தூள், டப்பா 9,500 படி இரண்டு டப்பா. இரவில் இரண்டு கரண்டி சுடுதண்ணியில் கலக்கிக் குடிக்க வேண்டும். ரசீது கேட்டதற்குக் கொப்பித் தாளில் மொத்தத்தை மட்டும் எழுதித் தந்தார்.

அடுத்த நாள் சலம் கடும் தேயிலைச் சாயம் போல போனது. பயந்து ஓடினேன். அவர் சிரித்தார். "பாத்தீங்களோ, உள்ளுக்கிருந்த ஊத்தை கழியுது." நானும் நம்பி, வீட்டுக்கு வந்து மனுசிக்கும் அதையே பெருமையாகச் சொன்னேன். அந்த நிறம், அவர் தந்த நைட்ரோபியூரன்ரோயின் என்ற குளிசை தருகிற நிறம். அதை விழுங்கினால் நல்ல சலமும் அப்படித்தான் போகும். ஊத்தையும் இல்லை, கழியவும் இல்லை.

மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தார்கள், 7,200. ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியைப் பற்றிப் பார்க்கிற பி.எஸ்.ஏ. என்ற ரெஸ்ற்றில் 22 என்று வந்திருந்தது. நாலுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கான்சருக்குப் போகலாம்" என்றார். கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஸ்பெஷலிஸ்ற் வருவார், இடம் பிடிக்க 20,000 முற்பணம் கட்ட வேண்டும். அதுவரை சுரப்பியை "மசாஜ்" செய்து கெட்ட நீரை எடுக்க வேண்டுமாம், ஒருமுறைக்கு 3,500. எங்கே எப்படி என்று எழுத மாட்டேன், விளங்கியவர்களுக்கு விளங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றுமுறை போனேன். கூட்டிப் பாருங்கள், 61,000. அதற்காக இரண்டு மூட்டை நெல்லை அவசர விலைக்குத் தள்ளியும் காணாமல், மச்சானிடம் கைமாற்று வாங்கினேன்.

இதற்கிடையில் எங்கள் ஊர்ப் பரியாரியாரிடமும் போனேன். எண்பதைத் தாண்டியவர். நெருஞ்சி முள்ளு அவித்துத் தருவார் என்று நினைத்தேன். நாடி பார்த்தார், நெற்றியைத் தொட்டார். "தம்பி, குளிரோட காய்ச்சல் வருதெண்டால் என்னட்டை நிக்காதை. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். காசும் வாங்கவில்லை. நாட்டு வைத்தியம் என்றாலே ஏமாற்று என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். எனக்கு உண்மை சொன்ன முதல் ஆள் அவர்தான், கேளாமல் விட்டது நான்.

மூன்றாவது "மசாஜ்" முடிந்த அன்றிரவு கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினேன். மூன்று போர்வை போட்டும் பல் அடித்தது. விடியப்புறம் சலம் முழுதாக அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானை மாதிரி வீங்கி நிற்க, ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளைப்பேற்று நோவைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கள் எழும்பிவிட்டன. மகள் 1990க்கு அடித்தாள். அம்புலன்ஸ் வந்தது, காசு இல்லை.

ஆஸ்பத்திரியில் ரியூப் போட்டுச் சலத்தை எடுத்தார்கள். அந்த நிம்மதியைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. மருந்து ஏற்றத் தொடங்க முதலே சலமும் இரத்தமும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டார்கள். மருந்து உள்ளே போனால் கிருமி மறைந்துவிடும், பிறகு எது என்று பிடிக்க முடியாதாம். சீனி பார்த்தார்கள், சிறுநீரகத்தை ஸ்கான் பண்ணினார்கள். இரண்டும் பிழையில்லை. கிட்னி நன்றாகவே இருந்தது!

வார்ட்டில் ஒரு இளம் டொக்டர், பிள்ளை மாதிரி இருப்பார், கட்டில் ஓரத்தில் நின்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பெண்களுக்குச் சலம் வரும் பாதை ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 20 வரும். அதனால் கிருமி ஏறுவது பெண்களுக்குத்தான் அதிகம். ஆணுக்கு ஏறினால் ஏன் ஏறியது என்று தேடவேண்டும். எனக்குக் கிருமி புரோஸ்டேட் சுரப்பிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சென்ரரில் தந்த குளிசை சலப்பையில் வேலை செய்யும், சுரப்பிக்குள் போதியளவு போய்ச் சேராது. மசாஜ் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. பழுத்திருக்கிற சுரப்பியைப் பிசைந்தால் கிருமி இரத்தத்துக்குள் தள்ளுப்படும், பரிசோதிக்கும்போதுகூட நாங்கள் விரலை மெதுவாகத்தான் வைப்போம் என்றார். அந்த இரவு நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"அப்ப கான்சர்?" என்று கேட்டேன். கிருமி ஏறிய நேரம் பி.எஸ்.ஏ. தானாகவே கூடும், அந்த நேரம் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஆறேழு கிழமை போகட்டும் என்றார். எட்டாம் கிழமை பார்த்தோம், 2.1.

மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போட் வந்தது. ஈ.கோலை. எங்கள் குடலிலேயே இருக்கிற கிருமிதான், இடம் மாறி ஏறிவிட்டது. மருந்துகளின் பெயருக்கு நேரே எஸ் அல்லது ஆர் என்று போட்டிருந்தார்கள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. சிப்ரோவுக்கு நேரே ஆர். அலுமாரியில் கிடந்த அந்த இரண்டு குளிசை ஞாபகம் வந்தது. ஊசி மருந்து முடிந்ததும், எஸ் என்று இருந்த கோட்ரிமொக்சசோல் குளிசையை எல்லாமாக நாலு கிழமை போட வைத்தார்கள். ஒரு கிழமையிலேயே சுகம், ஆனாலும் நிறுத்தவில்லை. கொப்பித் தாளில் கோடு போட்டு ஒவ்வொரு நேரமும் வெட்டிக்கொண்டு வந்தேன்.

கல்ச்சருக்குச் சலம் எடுப்பதிலும் முறை இருக்கிறது. முனையைக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை மட்டும், மூடி திறக்காத கிருமியில்லாத போத்தலில், உள்பக்கம் கை படாமல் பிடிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் லாப்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜில் வைக்க வேண்டும். பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் இல்லை.

வாலிபப் பிள்ளைகள் யாராவது வாசித்தால்: எரிவோடு சீழும் வடிந்தால் அது வேறு கிருமியாக இருக்கலாம். அதற்கு அரசாங்க எஸ்.ரி.டி. (பாலியல் நோய்) கிளினிக் இருக்கிறது, இலவசம், பெயர் வெளியே போகாது. "இரகசிய ஆலோசனை" என்ற போர்ட்டுக்குக் கீழே போய் நிற்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் அந்த வெள்ளைக் கோட்டின் பெயரைத் தேடினாள். பதிவு பெற்ற வைத்தியர்களின் பட்டியல் அங்கே எல்லோரும் பார்க்கக் கூடியதாக இருக்கிறது. அவர் பெயர் இல்லை. முற்பணத்தைக் கேட்டுப் போனேன். "ஸ்பெஷலிஸ்ற்றுக்குக் கட்டியாச்சு ஐயா" என்றார். எந்த ஸ்பெஷலிஸ்ற் என்று கேட்டேன். போன் வந்த மாதிரி எழும்பி உள்ளே போனவர் திரும்ப வரவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் அழைக்கலாம் என்கிறார்கள். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும் என்றும் மகள் தேடி எடுத்திருக்கிறாள். நுகர்வோர் அதிகார சபைக்கும், அந்தப் பதிவைப் பார்க்கிற இடத்துக்கும் எழுதுகிறோம். கையில் இருக்கிற அத்தாட்சி அந்தக் கொப்பித் தாளும் தூள் டப்பாவும்தான். டப்பாவில் பதிவு இலக்கமும் இல்லை, செய்தவன் விலாசமும் இல்லை, சிரிக்கிற ஒரு கிட்னியின் படம் மட்டும் இருக்கிறது. மனுசி அதைக் குப்பைக்குள் எறியச் சொல்லி நிற்கிறாள். நான் பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.