ஒரே 116 பி.எஸ்., இரு வேறு கார்கள்: கிரெட்டா டீசலும் ஹைரைடர் ஹைப்ரிடும்

புதிதாக நடுத்தர எஸ்.யூ.வி. வாங்கியவர்களிடம் கார் எப்படி இருக்கிறது என்று கேட்டால், முதல் மாதத்தில் சன்ரூஃப், பெரிய திரை, காற்று வரும் இருக்கை என்றே பேச்சு தொடங்கும். அந்த வசதிகள் இன்று பெரும்பாலான போட்டியாளர்களிடமும் இருப்பதால், அவற்றை வைத்து ஒரு காரை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. அதே உரிமையாளர் குடும்பத்தோடு ஒரு மலைப்பயணம் போய்வந்தபின் சொல்வதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 டீசலையும் டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைப்ரிடையும் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை) அருகருகே வைத்துப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகிறது. இரண்டின் விளக்க ஏட்டிலும் திறன் 116 பி.எஸ். (குதிரைத்திறன்) என்றே அச்சாகியிருக்கிறது, ஆனால் அந்த 116 இரண்டிலும் ஒரே பொருள் உடையதன்று.

கிரெட்டாவில் அந்தத் திறன் முழுவதும் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினிலிருந்து வருகிறது. 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றி இழுக்கும் வலு, 1,500 ஆர்.பி.எம். என்ற குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடும். டீசல் நிரம்பியிருக்கும் வரை அது குறையப்போவதில்லை. ஹைரைடரிலோ மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது 92 பி.எஸ். மட்டுமே. எஞ்சியதை மின்மோட்டார் தருகிறது. மோட்டார் தனித்து 80 பி.எஸ். வரை தரக்கூடியது என்றாலும், இரண்டும் சேர்ந்து சக்கரத்துக்குத் தரும் உச்ச அளவு 116தான். அதாவது, எஞ்சினுக்கு மேலான 24 பி.எஸ். பேட்டரியிலிருந்து கடனாக வருகிறது. அந்தப் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 0.76 கிலோவாட் மணி. 24 பி.எஸ். என்பது சுமார் 18 கிலோவாட் என்பதால், அதைத் தொடர்ந்து உறிஞ்சினால் முழுப் பேட்டரியும் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியின் ஆயுளைக் காக்க அதை அடிவரை வற்றவிடமாட்டார்கள் ஆகையால், நடைமுறையில் கிடைப்பது அதற்கும் குறைவே.

நகரத்தில் இந்தக் கடன் நொடிக்கு நொடி அடைபடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறு மணிக்கு ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்கு ஊர்ந்து செல்லும் ஹைரைடரில், புறப்படும்போது எஞ்சின் சத்தமே இருக்காது. ஆக்சிலரேட்டரை மென்மையாகத் தொட்டால் மோட்டார் மட்டுமே காரை நகர்த்தும், பிரேக் மிதிக்கும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதி மீண்டும் பேட்டரிக்குப் போகும். ஏ.சி.யின் கம்ப்ரஸரும் மின்சாரத்தில் இயங்குவதால், மே மாத வெயிலில் எஞ்சின் அணைந்து நிற்கும்போதும் குளிர்ச்சி குறைவதில்லை. எஞ்சினையும் மோட்டாரையும் இணைப்பது கோள்பல்சக்கர அமைப்பு, சாதாரண சி.வி.டி.யில் (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) உள்ள பெல்ட்டோ கிளட்ச்சோ இதில் இல்லை. நெரிசலில் இதற்கு நிகரான நயம் இந்த விலை வரம்பில் வேறெந்தப் பெட்ரோல் அல்லது டீசல் காரிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கிரெட்டா டீசலின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் மென்மையாகவே மாறுகிறது என்றாலும், நிற்கும்போது டீசலின் மெல்லிய அதிர்வு ஸ்டீயரிங்கில் உணரப்படும்.

மலையில் நிலைமை மாறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டரில் தொடங்கி 1,850 மீட்டர் வரை, இடையில் பெரிய இறக்கமே இல்லாமல் ஏறும் பாதை அது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய ஹைரைடர், முதல் சில வளைவுகளில் துள்ளிக்கொண்டு ஏறும். முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தி, அடுத்த வளைவிலும் அழுத்தினால், திரையில் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். அதன்பின் ஏற்றத்தைத் தாங்குவது 92 பி.எஸ். எஞ்சின்தான், அது உயர்ந்த சுழற்சியில் நின்று முழங்கும், சத்தத்துக்கேற்ற வேகம் வராது. கார் ஏறாமல் நின்றுவிடாது, நிதானமாக ஓட்டுபவருக்கு இது குறையாகவும் தோன்றாது. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஆசையோடு ஓட்ட விரும்புபவர், வளைவுக்கு வளைவு ஒரே மாதிரியான இழுவையைத் தரும் கிரெட்டா டீசலில்தான் நிறைவு காண்பார். வளைவின் உட்புறத்தில் வேகம் இருபதுக்கு விழுந்தபின்னும், இரண்டாம் கியரில் எஞ்சினைக் கதறவிடாமல் மேலே இழுக்க அந்த 250 நியூட்டன் மீட்டர் போதும்.

இறக்கத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. இறங்கும்போது ஹைப்ரிட் பேட்டரி நிரம்பும், எனவே லாபம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அது ஓரளவுக்கே உண்மை. ஆட்களோடு ஏறத்தாழ 1,600 கிலோ எடையுள்ள கார் 170 மீட்டர் உயரம் இறங்கினாலே, காலியான பேட்டரி முழுவதையும் நிரப்பும் அளவுக்கு ஆற்றல் வெளிப்படுகிறது. உராய்விலும் மாற்றத்திலும் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், குன்னூரிலிருந்து இறங்கும் 1,500 மீட்டரில் பெரும்பகுதியைச் சேமிக்க அந்தப் பேட்டரியில் இடமில்லை. இடம் தீர்ந்தபின் காரின் கணினி எரிபொருள் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றி, அதன் எதிர்ப்பால் வேகத்தைத் தடுக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொடாதபோதும் எஞ்சின் உறுமுவதைக் கேட்டு, புதிய உரிமையாளர்கள் ஏதோ பழுது என்று பயந்துவிடுகிறார்கள். அது அமைப்பின் இயல்பு. லீவரை D-யிலிருந்து B-க்கு (பார்க்கிங்குக்கான P அல்ல) மாற்றி இறங்குவதே முறை. அப்படிச் செய்தால் பிரேக் சூடேறாது. கிரெட்டாவில் ஓட்டுநரே கியரைக் கையால் குறைத்து இறங்க வேண்டும். பழகியவர்களுக்கு இது நம்பிக்கை தரும்.

செலவுக் கணக்கில் அறிவிக்கப்பட்ட மைலேஜ் ஹைரைடருக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு 19.1. நடைமுறையில் நகரத்தில் ஹைப்ரிட் 22, டீசல் 13 தருவதாகக் கொள்வோம். சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு முறையே 4.60 ரூபாயும் 7.10 ரூபாயும் ஆகும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதிக்கும் வாய்ப்பே குறைவதால் ஹைப்ரிடின் சாதகம் கரைகிறது; அங்கு ஹைரைடர் 19, கிரெட்டா 18 தந்தால் டீசலே சில காசுகள் மலிவாக முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் 40 சதவீத ஜி.எஸ்.டி. அடுக்கில் இருப்பதால், ஹைப்ரிட் என்பதற்காக அந்த வரியில் சலுகை எதுவும் இல்லை.

டிக்கியில் கிரெட்டாவுக்கே வெற்றி. 433 லிட்டர் இடம் முழுமையாகக் கிடைக்கிறது. ஹைப்ரிடில் பேட்டரி டிக்கியின் தரைக்கடியில் அமர்ந்திருப்பதால் தரை மேடுபோல உயர்ந்து, பெரிய பெட்டிகளை நிமிர்த்தி வைக்க முடியாமல் போகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் கோயில் பயணம் போகும்போது இது உறுத்தும். முன்செல்லும் வண்டியைக் கணித்துத் தானே பிரேக் போடும் ஏடாஸ் வசதியும் கிரெட்டாவின் உயர்வகைகளில் மட்டுமே உண்டு.

இந்த இரண்டுக்கும் இடையே தயங்குபவர்கள் ஹோண்டா எலிவேட்டையும் ஓட்டிப்பார்க்கலாம். 121 பி.எஸ். தரும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 458 லிட்டர் டிக்கி என எளிமையான, நேர்மையான கார் அது. ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு ஹைப்ரிடும் டீசலும் வீண் செலவே.

நாள்தோறும் நகருக்குள்ளேயே நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டங்களாகப் பலமுறை ஓட்டி, வாரக்கணக்கில் நெடுஞ்சாலையைப் பார்க்காத வீட்டுக்கு டீசலை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பாரத் ஸ்டேஜ் 6 (பி.எஸ்.6) என்ற மாசு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைக்கரி வடிகட்டி, தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்கு சூடேறிச் சிறிது நேரம் தொடர்ந்து ஓடியாக வேண்டும். குறுகிய ஓட்டங்களில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அத்தகையவருக்கு, பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் உள்ள ஹைரைடரே பொருத்தம். மாதம் இருமுறை திருச்சிக்கோ மதுரைக்கோ போய், விடுமுறையில் வால்பாறை ஏறுபவர் கிரெட்டா டீசலுக்கு முன்பணம் கட்டலாம். எதை எடுத்தாலும், டெஸ்ட் டிரைவுக்கு விற்பனையாளரோடு தனியாகப் போகாமல் வீட்டிலுள்ள நால்வரையும் ஏற்றி, ஒரு நீண்ட மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் காரை முழுவதும் நிறுத்தி, அங்கிருந்து ஏறச் சொல்லுங்கள்.