காட்டரி புகைக்கு எந்த மாஸ்க்?

காட்டரி, அதாவது தசையைச் சுட்டு வெட்டவும் ரத்தக்கசிவை நிறுத்தவும் பயன்படும் மின்கருவி, தசையைத் தொட்டதும் எழும் கருகல் வாடை, ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் புகையில் சுமார் 95 சதவீதம் நீராவிதான். மிச்சத்தில்தான் வில்லங்கம்: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, செல் துணுக்குகள். மரு எடுக்கும் கேஸ் என்றால் மருவை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் டிஎன்ஏ கூட இருக்கலாம். சர்ஜன் தன் கேஸ் முடிந்ததும் கிளம்பிவிடுவார். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் அடுத்த கேஸுக்கும் அங்கேயே நிற்பார்.

சாதா மூன்றடுக்கு மாஸ்க், நம் எச்சில் துளி காயத்தில் விழாமலிருக்க வந்தது. புகைக்கு அதை நம்ப முடியாது. கன்னத்தோரம் இடைவெளி இருக்கிறதே, மூச்சை இழுத்தால் காற்று அந்த வழியாகத்தான் வரும். 'லேசர் மாஸ்க்' என்று விற்பதும் இதே ரகம்தான். துணி நுண்ணியது, ஓரம் திறந்தே கிடக்கும். காசுக்கு ஏற்ற பலன் இல்லை.

என்95 முகத்தோடு ஒட்டி உட்காரும். "0.3 மைக்ரான் துகளைத்தானே பிடிக்கும், காட்டரி புகைத்துகள் சராசரியாக 0.07 மைக்ரான் ஆயிற்றே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் சான்றிதழுக்காக அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் செய்யும் சோதனையில் ஊதப்படும் உப்புத் துகளின் இடைநிலை அளவே 0.075 மைக்ரான். நடு அடுக்கில் இருக்கும் மின்னூட்டம் அதையும் இழுத்துப் பிடித்துவிடும். வாயுவை மட்டும் என்95 தடுக்காது. அதனால் மாஸ்க்குக்குள் வாடை வந்தாலே லீக் என்று அர்த்தமில்லை, வாடை வராவிட்டால் பத்திரம் என்றும் அர்த்தமில்லை. மாஸ்க் முகத்தில் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், வால்வு வைத்த மாஸ்க் தியேட்டருக்கு ஆகாது. நாம் விடும் மூச்சு வடிகட்டாமல் காயத்தின் மேல் போகும்.

என் ஓட்டு எந்த மாஸ்க்குக்கும் இல்லை, புகை உறிஞ்சும் மெஷினுக்குத்தான். அதிலுள்ள உல்பா எனும் மிக நுண்ணிய ஃபில்டர் 0.12 மைக்ரான் துகளில் 99.999 சதவீதத்தைப் பிடிக்கும். கூடவே இருக்கும் கரி, வாயுக்களையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நிபந்தனை: குழாயின் வாய் புகை எழும் இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சுவர் சக்‌ஷன் இதற்கு ஈடாகாது. அது ரத்தம் உறிஞ்ச வந்தது, காற்றை இழுக்கும் வேகம் குறைவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018-ல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது மாஸ்க்கை அல்ல, இப்படிப் புகையை அகற்றும் ஏற்பாட்டைத்தான்.

மெஷின் ஓடினால் சாதா கேஸுக்குச் சாதா மாஸ்க் போதும் என்பேன். மரு, காசநோய் கேஸ்களில் மெஷின் ஓடினாலும் மேலே என்95 வேண்டும். மெஷின் சத்தம் தொந்தரவு என்று சர்ஜன் நிறுத்தச் சொல்லும் தியேட்டரா? சரி, அங்கே எல்லாக் கேஸுக்கும் என்95தான்.