செக்யூரிட்டி செக்கில் பணமும் நகையும் போகும் வழி: பெங்களூரிலிருந்து ஊருக்குப் பறப்பவர்களுக்கு

பெங்களூரிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தின் கைப்பையில் மண்டபத்துக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கும், அம்மாவின் அட்டிகை இருக்கும், மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய செயின் இருக்கும். பீரோவிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் வரை மடியிலேயே வைத்துக் காத்துவந்ததை, செக்யூரிட்டி செக்கில் மூடியில்லாத பிளாஸ்டிக் ட்ரேயில் போட்டுத் தள்ளிவிட்டு வரிசையில் நிற்கிறோம். பர்ஸில் நோட்டு குறைவதும், வாட்ச் காணாமல் போவதும், கைப்பை மாறிப்போவதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

பை ஒரு வேகத்தில் போகிறது, ஆள் ஒரு வேகத்தில் போகிறார். கோளாறு அங்கேதான். எக்ஸ்ரே மெஷினைத் தாண்டிப் பை மறுமுனைக்குப் போய்விடும். நாமோ மெட்டல் டிடெக்டர் வாசல், அதன்பின் மேடையில் ஏறி கைக்கருவிச் சோதனை என்று காத்திருப்போம். பெண்களுக்குத் திரை போட்ட தடுப்புக்குள் சோதனை; உள்ளே போனால் ட்ரே நகரும் பெல்ட் கண்ணிலேயே படாது. தானாக நகரும் ட்ரே வசதி உள்ள டெர்மினல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தேகப்பட்ட ட்ரே மட்டும் தனித்தடத்துக்கு ஒதுங்கும், மற்றவை நேராக வெளியே போய்விடும். மூன்று ட்ரேயில் சாமானைப் பிரித்துப் போட்டவர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் முழிப்பார்.

எடுப்பது யார்? சோதனை ஊழியர்களே எடுத்த சம்பவங்கள் வெளிநாட்டில் கேமராவில் சிக்கியிருக்கின்றன. 2023-ல் மியாமியில் பயணிகள் சோதனைக்குள் நிற்கும்போது அவர்களின் பையிலிருந்து பணம் எடுத்ததாக ஊழியர்கள் கைதானார்கள். அதே ஆண்டு மணிலாவில் ஒரு ஊழியர் 300 டாலர் மதிப்புள்ள நோட்டுகளை மடித்து வாயில் திணித்துத் தண்ணீர் குடிக்கும் காட்சி பதிவானது. சாக்லேட் தின்றேன் என்றாராம். ஆனால் சக பயணி மேலும் ஒரு கண் வைக்க வேண்டும். 2024 மே மாதம் டெல்லி போலீஸ் பிடித்த ஒரு ஆள், ஓராண்டில் சுமார் 200 விமானம் ஏறி, தனியாக வரும் வயதான பெண்களாகப் பார்த்து, தலைக்கு மேலுள்ள பெட்டியில் அவர்கள் வைத்த கைப்பையைத் துழாவி நகை எடுத்தவர். டிக்கெட் வாங்கியவன் திருடமாட்டான் என்ற நம்பிக்கைதான் அவருக்கு முதலீடு.

சோதனை வரிசையில் ஜோடியாக வேலை செய்கிறவர்களும் உண்டு. ஒருவர் முதலில் தாண்டிப் போய் பெல்ட்டின் மறுமுனையில் நிற்பார். அடுத்தவர் உங்களுக்கு முன்னால் நின்று, பாக்கெட்டில் சாவி, இடுப்பில் பெல்ட், மறுபடி சில்லறை என்று வாசலைத் திரும்பத் திரும்ப அலறவிடுவார். நீங்கள் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் ட்ரே அங்கே அநாதையாக நிற்கும்.

ஆகவே பணம், நகை, வாட்ச், மோதிரம் எதுவும் ட்ரேயில் தனியாகக் கிடக்கவே கூடாது. எல்லாம் ஜிப் போட்ட ஒரே பைக்குள் போகட்டும். இதை வரிசையில் நின்று செய்தால் அவசரத்தில் ஏதாவது விடுபடும். விமான நிலையத்துக்கு ஓடும் வாயு வஜ்ரா பஸ்ஸிலோ டாக்ஸியிலோ வரும்போதே பாக்கெட்டைக் காலி செய்துவிடுங்கள். கழற்றிய கோட்டின் உள்பாக்கெட்டில் பணம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ட்ரேயில் சுருட்டிக் கிடக்கும் கோட்டில் கைவிடுவது சுலபம்.

மொத்தமாகப் போவதைவிட மோசமான ஒன்று, கட்டின் நடுவிலிருந்து நாலைந்து நோட்டு உருவப்படுவது. கனம் தெரியாது; மண்டபத்தில் எண்ணும்போதுதான் தெரியும், அதற்குள் சந்தேகம் சொந்தக்காரர் மேல் விழுந்திருக்கும். கட்டைச் சுற்றிக் காகிதப்பட்டை ஒட்டி, அதன் மேல் "500 × 60 = 30,000" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒளி ஊடுருவும் ஜிப் கவரில் வையுங்கள். பட்டை கிழிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கவரை ஒட்டி சீல் வைப்பதில் பிரயோசனமில்லை, திறக்கச் சொன்னால் திறந்தாக வேண்டும். பெரிய தொகை என்றால் வங்கியில் எடுத்த சீட்டும் கூடவே இருக்கட்டும். வருமான வரித்துறையினர் வந்து கேட்கலாம். வெளிநாடு போகிறவர்கள் (நேபாளம், பூட்டான் தவிர) இந்தியப் பணம் 25,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோக முடியாது. அதை மீறியவருக்குத் திருட்டு நடந்தாலும் புகார் கொடுக்க வாய் வராது.

பையைத் திறந்து சோதிக்கும் தருணத்தைத் தவிர்ப்பது பாதி வேலை. குத்துவிளக்கு, வெள்ளிச் சொம்பு போன்ற கெட்டி உலோகங்கள் எக்ஸ்ரே திரையில் கரும்பாறையாகத் தெரியும். பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாததால் பை ஒதுங்கும். சார்ஜர் வயர்ச் சிக்கலுக்கு நடுவில் நகைப்பெட்டி இருந்தாலும் இதே கதைதான். கொப்பரைத் தேங்காயும் மிளகாய் ஊறுகாயும் கைப்பையில் வேண்டவே வேண்டாம். பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், ஆனால் வெளியே எடுத்துத் தனி ட்ரேயில் போடுங்கள். நகை தட்டையான பவுச்சில் மேலாக இருந்தால் அதிகாரி அடிவரை கிளற வேண்டியதில்லை. அப்படியும் ஒதுங்கினால், "என் முன்னாலேயே திறங்க" என்று கேளுங்கள். கூட்டத்தில் நகையை விரிக்க மனமில்லை என்றால் தனி அறையில் பார்க்கச் சொல்லி, சோதனை நடத்தும் மத்தியப் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். மேலதிகாரியிடம் கேட்கலாம்.

பையை எப்போது தள்ளுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. லேப்டாப், செருப்பு, பெல்ட் முதலில் போகட்டும். பணப்பை கடைசி ட்ரேயில். முன்னால் ஓரிருவர் மட்டும் இருக்கும்போது அதைத் தள்ளுங்கள். பின்னால் இருப்பவர் முணுமுணுத்தால் "நீங்க முதல்ல போங்க சார்" என்று விட்டுவிடுங்கள், மானம் ஒன்றும் போய்விடாது. குடும்பமாக வந்தால் ஒருவர் வெறுங்கையோடு முதலில் தாண்டி மறுமுனையில் நிற்கட்டும், அதன்பின் மற்றவர்கள் பையைத் தள்ளலாம். பெண்கள் வரிசை பெரும்பாலும் மெதுவாகப் போகும் என்பதால் மனைவியின் கைப்பையைக் கணவர் முன்னால் நின்று வாங்கிக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலியில் வரும் பெரியவர்களைத் தனி வழியில் கூட்டிப்போவார்கள், பையைத் தூக்குவது உதவியாளர். பாட்டியின் சுருக்குப்பை உங்கள் பைக்குள் வரட்டும்.

மறுமுனையில் பையை எடுத்ததும், பெல்ட் மாட்டுவதற்கு முன்னால், ஜிப்பைத் திறந்து பாருங்கள். கேட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பார்ப்பதில் லாபமில்லை.

ஏதாவது குறைந்தால் அங்கிருந்து நகராதீர்கள். தடத்தின் எண்ணையும் மணியையும் போனில் குறித்துக்கொண்டு, ஷிப்ட் பொறுப்பிலுள்ள சி.ஐ.எஸ்.எஃப். அதிகாரியைக் கேளுங்கள். எடுத்தவரும் பயணி என்றால் இன்னும் உள்ளேதான் இருப்பார். விமானம் ஏறுமுன் கேமராவைப் பார்த்துவிட்டால் போர்டிங் கேட்டிலேயே நிறுத்தலாம். உங்களிடம் காட்சியைக் காட்டமாட்டார்கள். பார்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். யாராவது தெரியாமல் மாற்றி எடுத்திருந்தால் சி.ஐ.எஸ்.எஃப். இணையதளத்தின் தொலைந்த பொருள் பட்டியலிலும் வரலாம். விமான நிறுவனத்திடம் நஷ்டஈடு எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலான பயணக் காப்பீட்டிலும் ரொக்கம் சேராது. இதற்குப் பயந்து நகையை செக்-இன் பெட்டியில் போடுவது இன்னும் மோசம். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் உச்ச வரம்பு 20,000 ரூபாய்தான், அதிலும் நகை, பணத்துக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள்.

போலீஸ் புகார் தனி. பெங்களூரிலும் டெல்லியிலும் விமான நிலையத்துக்கென்றே காவல் நிலையம் உண்டு, மும்பை இரண்டாவது டெர்மினலுக்கு (டி2) சஹார் காவல் நிலையம். நகை பில்லின் படமும், ஹால்மார்க்கோடு வரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடும் போனில் இருந்தால் "ஒரு செயின்" என்று எழுத வேண்டியதில்லை. விமானத்தைத் தவறவிட முடியாதென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவின்படி, திருட்டு எங்கே நடந்திருந்தாலும் எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். ஆன்லைனிலோ மின்னஞ்சலிலோ தகவல் அனுப்பினால் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முகூர்த்தம், விருந்து என்று அந்த மூன்று நாள் ஓடிவிடும், யாராவது ஒருவரை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள்.