கிரஹாம் நார்ட்டனின் ‘ஹோல்டிங்’: டுனீன் கிராமத்தில் கிடைத்த எலும்புகள்

தொலைக்காட்சியில் பேட்டி எடுத்துப் பிரபலமான கிரஹாம் நார்ட்டன் 2016-ல் எழுதிய முதல் நாவல் இது. அயர்லாந்தின் கார்க் பகுதியில் டுனீன் என்றொரு கற்பனைக் கிராமம், அங்கே கட்டட வேலைக்குத் தோண்டும்போது மனித எலும்புகள் கிடைக்க, பல வருஷம் முன்பு ஊரைவிட்டுப் போனதாக எல்லோரும் நம்பிய டாமி பர்க்தானோ என்று பேச்சு கிளம்புகிறது.

விசாரிப்பவர் சார்ஜென்ட் பி.ஜே. காலின்ஸ். பெருத்த உடம்பு, கூச்ச சுபாவம், அதுவரை பெரிய வழக்கு எதையும் பார்த்ததில்லை. எனக்கு இந்த மனுஷனை ரொம்பவே பிடித்துவிட்டது. டாமிக்காக ஒரு காலத்தில் நடுத்தெருவில் அடித்துக்கொண்ட பிரிட், எவ்லின் இருவரையும் இத்தனை வருஷம் கழித்து அவர் கேள்வி கேட்கும் பகுதிகள்தான் நாவலின் உயிர், அதிலும் குடியில் மூழ்கிக் கிடக்கும் பிரிட்டை எழுத்தாளர் எங்கேயும் கேவலப்படுத்தாமல் எழுதியிருக்கிறார். நார்ட்டன் அதே கார்க்கில் பாண்டன் என்ற ஊரில் வளர்ந்தவர், ஊர் வம்பு அவ்வளவு இயல்பாக வருகிறது.

துப்பறியும் வேகம் மட்டும் நடுவில் குறைகிறது. விறுவிறுப்பு மட்டும் வேண்டுமென்றால் வேறு புத்தகம் பாருங்கள். 2022-ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது, பி.ஜே.வாக நடித்தவர் கான்லெத் ஹில். ஆனால் முதலில் நாவலைப் படித்துவிடுங்கள்.